வேர்க்காத உடம்பு

அப்பு, இந்தக் காகிதத்தை மில் ஆட்கள் தங்குகிற லயத்தில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது பிரிக்காதே. தனியாக உட்கார்ந்து படி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. உன் அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எத்தனையோ நாள் எனக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. இன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. அவர் கத்தரிக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறார். கமலைச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் எழுதலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்துபோனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்காகக் காலையிலேயே சேவலை அடித்து, மிளகு அரைத்துக் குழம்பு வைத்து, ரேஷன் கடையில் வரிசை நின்று வாங்கிய அரிசியில் சோறு வடித்து வைத்திருந்தேன். நீ இலையைப் பார்த்துவிட்டு, "வேணாம் ஆத்தா, அடுத்த ஞாயிறு மேட்ச்சு. அதுவரைக்கும் வாயக் கட்டணும்" என்றாய். உன் அய்யா சிரித்தார். "புள்ள பயில்வானாயிட்டான்டி, ஒன் கொழம்புக்கெல்லாம் மசிய மாட்டான்" என்றார். நானும் சிரித்துக்கொண்டுதான் இலையை எடுத்தேன். சோறு வேண்டாம் என்றதில் எனக்குப் பயம் வரவில்லை. அதற்குப் பிறகு நீ மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்தாய். பங்குனி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாய். வாயில் புளியை ஒதுக்கிக்கொண்டு, மடியில் ஒரு சிரட்டையை வைத்துக்கொண்டு, அதில் துப்பிக்கொண்டே இருந்தாய். நான் தண்ணீர்ச் செம்போடு வந்தபோது அதைப் பார்க்காமல் இருப்பதற்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்து சிரட்டையில் துப்பியதை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அதே கொட்டகையில்தான்.

உன் கையைப் பிடித்துப் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன். நீ செல்லம் கொஞ்சுகிறேன் என்று நினைத்தாய். கிள்ளின தோல் உடனே படியவில்லை. மடித்துவிட்ட துணி நிற்குமே, அப்படி நின்றது. உதடு வெளுத்து, ஓரத்தில் வெடித்திருந்தது. "என்னப்பு இது" என்று கேட்டேன்.

"எடை கொறைக்கிறோம் ஆத்தா. எங்க மில்லு சடுகுடு டீமுல இருக்கணும்னா இம்புட்டு கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு. தண்ணியக் கொறச்சுக்கிட்டே வந்து கடைசியில நிப்பாட்டுனா தராசுல சரியா நிக்கும்" என்றாய்.

"தராசுலருந்து எறங்குனதும் குடிக்கலாம்ல?"

"மேட்ச்சு முடிஞ்சுதான். வயித்துல தண்ணி கெடந்தா மூச்சுக் கட்டாதே. எங்க கோச்சு பட்டணத்துல படிச்சவரு, எல்லாம் கணக்குப் பண்ணித்தான் சொல்லுவாரு."

"ஒங்கண்ணனும் இதத்தானப்பு செஞ்சான்" என்றேன். அம்புட்டுத்தான் என்னால் சொல்ல முடிந்தது. நீ புஜத்தில் கிடந்த தாயத்தைத் தொட்டுக் காட்டினாய். "அண்ணனுக்கு செய்வென வச்சாய்ங்க ஆத்தா. எனக்குத்தான் அய்யா இதக் கட்டிவிட்டிருக்காருல்ல" என்றாய். உன் அய்யா எழுந்து வந்து, கயிறு பழசாகிவிட்டது என்று புதுக் கறுப்புக் கயிறு திரித்து, அந்தத் தாயத்தைத் திரும்பவும் இறுக்கிக் கட்டினார். நீ சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாய். உன் சிரட்டையை நான்தான் கழுவிக் கவிழ்த்தேன்.

இப்போது சொல்கிறேன், கேள். உன் அண்ணன் முத்துவைக் கொன்றது செய்வினை இல்லை. எவனும் அவனுக்கு எதையும் வைக்கவில்லை. அவன் தண்ணீர் இல்லாமல் செத்தான். ஏரிக்கரையில், நம் ஊர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தாகத்தில் விழுந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அப்போது நீ வத்தலக்குண்டில் உன் மாமன் வீட்டில் இருந்தாய். மாமன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரே செய்வினை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ அதைக் கேட்டே வளர்ந்தாய். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதையும் சொல்கிறேன். முதலில் உன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முத்து பிறவியிலேயே பலசாலி இல்லை. சவலைப் பிள்ளை. முழங்கால் மட்டும் பெரிதாக இருக்கும். பிறகு சடுகுடு அவனைப் பிடித்துக்கொண்டது. நான் அப்போது புகையிலைக் கிட்டங்கியில் இலை பிரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கூலி வாங்கி வருகிற வழியில் அவனுக்கென்று ஏதாவது மடியில் கட்டிக்கொண்டு வருவேன். விடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலை. காலையில் கம்பங்கூழும் மோரும். மத்தியானம் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும். கோழி முட்டை இட்டால் அது அவனுக்கு. உன் அய்யாவுக்குக்கூடக் கிடையாது. "புருசனுக்கு ஒரு முட்டை குடுத்தா வீட்டுச் சொத்து கொறஞ்சு போயிருமா" என்று அவர் கேட்பார். "நீங்க எந்தக் கோட்டத் தொடப் போறீங்க" என்பேன். சனிக்கிழமைதோறும் உளுந்தங்களி கிண்டி நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பேன். வருசம் திரும்புவதற்குள் பிள்ளை தேக்கு மாதிரி ஆனான். மூச்சைக் கட்டிக்கொண்டு அவன் பாடிப் போனால், எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள் கோட்டுக்குப் பின்னாலேயே ஒதுங்குவார்கள். அந்த உடம்பு ஒரு நாளில் வந்ததில்லை அப்பு. ஒவ்வொரு கவளமாக உள்ளே போய் வந்தது. அதை எடுக்க நாலைந்து நாள் போதுமாயிருந்தது.

கிட்டங்கிக் கங்காணி சன்னாசிதான் நம் ஊர் சடுகுடுக் குழுவைக் கட்டி நடத்தினார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் கைக்காசில் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். அந்தக் காலத்தில் ராத்தல் கணக்கு. இத்தனை ராத்தலுக்கு மேல் இருக்கிறவன் ஆடக்கூடாது என்று எடைப் பந்தயம் வைப்பார்கள். பந்தயத்தன்று காலையில் கிட்டங்கித் தராசிலேயே பிள்ளைகளை உட்காரவைத்து நிறுப்பார்கள். சங்கிலியில் பலகை தொங்கும், அந்தப் பக்கம் படிக்கல் ஏறும். சித்திரைப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முத்துவை நிறுத்துப் பார்த்தார்கள், கூடுதலாக இருந்தான். என் கூழும் முட்டையும் அவனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டன.

"அடுத்த பந்தயத்துல பெரிய எடையில ஆடட்டுமே" என்று நான் சொன்னேன். சன்னாசி சிரித்தார். "பெரிய எடையில இவன் சின்னப் பய தாயி. சின்ன எடையில இவன்தான் பெரிய ஆளு. இத விட மனசு வருமா? ஒடம்புங்கிறது என்ன, நம்ம எலை மாதிரித்தான். ஈரத்த எடுத்தா எடை எறங்கும். நிறுத்து முடிச்சு ஆட்டமும் முடிஞ்ச பெறகு தண்ணி தெளிச்சாப் பழையபடி பதத்துக்கு வந்துரும்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். காலையிலிருந்து பொழுதுசாய இலையைக் காயவைப்பதும், பனியில் போட்டுப் பதம் கொண்டுவருவதுமாகப் பிழைக்கிற சனங்கள் நாங்கள். எங்களுக்கு அது புரிகிற பேச்சாக இருந்தது. ஊரில் வேறு தொழில் இருந்திருந்தால் ஒருவேளை இப்படி நம்பியிருக்க மாட்டோமோ என்னவோ. அளவுக்கு மீறிக் காய்ந்த இலையை விரலால் தொட்டால் பொடிந்துபோகும், பொடிக்கு எத்தனை தண்ணீர் தெளித்தாலும் இலையாகாது. அதுவும் எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வாரம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவன் என்னென்ன செய்தான் என்று எழுதுகிறேன். நீ செய்வதோடு சேர்த்துப் பார். உப்பை நிறுத்தினான். நிலாவாரைக் கஷாயம் குடித்து வயிற்றைக் கழுவினான். உச்சி வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினான். புளியை ஒதுக்கிக்கொண்டு சிரட்டையில் துப்பினான். கடைசியில் தண்ணீரை நிறுத்தினான். முதல் நாள் எரிந்து எரிந்து விழுந்தான். "பானையத் தெறக்காத ஆத்தா, அந்தச் சத்தம் கேக்க முடியல" என்றான். நான் மூடியைத் துணி சுற்றி வைத்தேன். மறுநாள் துப்புவதற்கு எச்சிலே வரவில்லை. நூல் மாதிரி இழுத்தது. அதற்கும் மறுநாள் அவனுக்கு ஒரு சந்தோசம் வந்தது. அதைத்தான் நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். "தாகமே எடுக்கல ஆத்தா, ஒடம்பு இறகு மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். கண் குழிக்குள் போயிருந்தது. உன் அய்யா அவன் முதுகில் தட்டி, "செயிச்சுட்டான்டி" என்றார்.

தராசில் சரியாக நின்றான். படிக்கல் பக்கம் ஒரு நூல் இறங்கியது என்று சொல்லி ஊரே கைதட்டியது. நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். சன்னாசி ஒரு எலுமிச்சைத் துண்டை மட்டும் அவன் நாக்கில் தேய்த்துவிட்டு, "இப்பக் கஞ்சி குடிச்சா இம்புட்டு நாள் பட்டதெல்லாம் வீண் தாயி" என்று என் தூக்குச்சட்டியை மூடினார். ஆட்டம் வற்றிக் கிடந்த ஏரி மணலில். பொம்பளைகள் நாங்கள் கரைமேல் புங்க மரத்தடியில் நின்றோம்.

எதிர்க்குழு பக்கத்து ஊர். அதில் வெள்ளையன் என்று ஒருத்தர். பிடி போட்டால் உடும்பு. முத்துவுக்கும் அவருக்கும் எப்போதும் வாய்ச்சண்டை நடக்கும். அன்றைக்கும் "என்னப்பு, ஒங்க ஊர்ல பஞ்சமா, எலும்ப அனுப்பி வச்சிருக்காக" என்று அவர் கேட்டதற்கு, "எலும்புதான் தொண்டையில சிக்கும் மாமோய்" என்று முத்து சொன்னான். சனம் சிரித்தது. முதலில் நன்றாகத்தான் ஆடினான். நாலைந்து தடவை பாடிப் போய்த் தொட்டுவிட்டு வந்தான். எல்லாப் பிள்ளைகளும் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்க, அவன் மேல் ஒரு பொட்டு வேர்வை இல்லை. மண் ஒட்டாமல் வெள்ளையாக நின்றான். என் பக்கத்தில் நின்றவள் சொன்னாள், "பாருக்கா, பய வேர்க்கவே இல்ல. என்னா தெம்பு." எனக்குப் பெருமையாக இருந்தது அப்பு. அந்த வெயிலில் என் பிள்ளை வேர்க்காமல் நின்றது எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த தடவை வெள்ளையன் அவன் இடுப்பைப் பிடித்தார். பிடித்தவர் உடனே விட்டுவிட்டார். விட்டுவிட்டு அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, ஒடம்பு அனலாக் கொதிக்குது. போதும், போயி நெழல்ல உக்காரு" என்றார். அது எங்கள் காது வரை கேட்டது. நம் ஆட்கள், "பயங்காட்டுறான் பாரு, ஆடத் துப்பில்லாம" என்று கத்தினார்கள். முத்து மறுபடி பாடப் போனான். திரும்பும்போது நம் பக்கம் வராமல் எதிர்ப்பக்கத்துக்கு உள்ளேயே ஓடினான். எந்தப் பக்கம் தன் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினான். கோமாளித்தனம் பண்ணுகிறான் என்று சனமும் சிரித்தது. அப்படியே முட்டி மடிந்து விழுந்தான்.

முதலில் ஓடி வந்தது வெள்ளையன்தான். தங்கள் குழுவுக்கென்று வைத்திருந்த நீராகாரப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உப்புப் போட்ட நீராகாரம். அவன் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றப் போனார். நான் கரையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டிருந்தேன். உன் அய்யா என்னை முந்திக்கொண்டு போனார். "எதிராளி கைத்தண்ணி எம்மகன் வாயில படக்கூடாது. எதடா கலந்துருக்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பானையை ஓங்கித் தட்டினார். பானை உடைந்தது. நீராகாரம் மணலில் இறங்கியது. முத்து கண்ணைத் திறந்து அந்த ஈர மணலைப் பார்த்தான். கையை நீட்டி ஒரு பிடி அள்ளி உதட்டில் வைத்துக்கொண்டான். அதை நான் பார்த்தேன். உன் அய்யா அப்போது வெள்ளையனின் தலைமுடியைப் பிடித்திருந்தார். அவர் பார்க்கவில்லை.

வண்டி கட்டினோம். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு நேராகப் போயிருக்கலாம். போகிற வழியில் கோடாங்கி வீடு. உன் அய்யா அங்கே நிறுத்தினார். கோடாங்கி உடுக்கை அடித்து, பக்கத்து ஊர்க்காரன் வைத்த வினை என்றார். எடுக்க வேண்டும் என்று எலுமிச்சம்பழமும் கோழியும் கேட்டார். அதெல்லாம் வந்துசேரும் வரை முத்து வண்டியிலேயே வைக்கோல் மேல் கிடந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். அதற்குள் அவனுக்கு விழுங்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வழிந்தது. சன்னி கண்டவன் மாதிரி, "பாடிட்டு வாரேன், பாடிட்டு வாரேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் அப்படியே நின்றது. "ஏம்மா, இவனுக்குத் தண்ணியே குடுக்கலையா? ஒடம்புல ஈரமே இல்லையே. செத்த நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா" என்று கேட்டார். அப்போது அங்கே நான் மட்டும்தான் நின்றேன். உன் அய்யா கோடாங்கி கொடுத்த தகட்டை ஆஸ்பத்திரி வாசலில் புதைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பொடிந்த இலையில் தெளித்த மாதிரிதான். விடிவதற்குள் போய்விட்டான்.

டாக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். வாய்க்குப் பக்கத்தில் வந்த தண்ணீரை உன் அய்யா தன் கையால் தட்டிவிட்டார். அது அவருக்குத் தெரிந்தால் மறுநாள் கிணற்றில்தான் தேட வேண்டியிருக்கும். அவருக்குச் செய்வினை வேண்டியிருந்தது. வெள்ளையன் மேல் கோபம் வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், உன்னை வளர்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கான விலையை வெள்ளையன் கொடுத்தார். வினை வைக்கிறவன் என்று பேர் வந்த பிறகு அவருக்கு நிச்சயமான பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். ஆடுவதை விட்டார். இப்போது திண்டுக்கல் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை ஏற்றி இறக்குகிறார். ஒரு தடவை ஆத்தூர் பஸ்ஸில் நாங்கள் ஏறும்போது அவர் உள்ளே இருந்தார். உன் அய்யாவைப் பார்த்ததும் எழுந்து, வழியிலேயே இறங்கிவிட்டார். பஸ் நகரும்போது என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அய்யா சன்னலுக்கு வெளியே துப்பினார். என்றைக்காவது மார்க்கெட்டில் அவரை நீ கண்டால் ஒரு கும்பிடு போடு. ஏன் என்று அவர் கேட்க மாட்டார்.

இதையெல்லாம் அறிந்துகொண்டு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஆத்தா, அது கங்காணி காலம், இது கோச்சு காலம் என்பாய். கோச் விசில் ஊதலாம், கையில் கடிகாரம் கட்டியிருக்கலாம். தாகம் எந்தக் காலத்திலும் தாகம்தான். தண்ணீர் குடித்தால் மூச்சுக் கட்டாது என்று உங்களுக்கு யார் சொன்னது? கமலை மாட்டை அவிழ்த்தால் முதலில் தொட்டிக்குத்தான் போகும். தண்ணீர் காட்டாமல் மறுபடி பூட்டினால் அது மண்டிபோடும். உன் அய்யா மாட்டுக்குச் செய்யாததைத் தன் பிள்ளைக்குச் செய்தார். நீ உனக்கே செய்துகொள்கிறாய்.

இந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் மில்லில் வேலை நிரந்தரம் என்று சொன்னாய். அதுதான் உன் கழுத்தில் கட்டியிருக்கிற கயிறு என்று எனக்குத் தெரிகிறது. அந்த வேலை நம் வீட்டுக்கு எத்தனை பெரிசு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் அய்யா அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இருந்தாலும் நாளைக்கே உங்கள் கோச்சிடம் போய், பெரிய எடையில் ஆடுகிறேன் என்று சொல். முடியாது என்றால், ஆடவில்லை என்று சொல். வேலையை விட்டு அனுப்பினால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா. கத்தரிக்காய் பிடுங்க ஆள் வேண்டும். உன் அய்யா ஒரு மாசம் திட்டுவார். பிறகு நீ பெரிய எடைக்கே போய் ஆடலாம். அதற்கு உடம்பை நான் வளர்த்துத் தருகிறேன். எனக்கு அது தெரியும். கம்பும் கேழ்வரகும் தெம்பு கொடுக்கும். கடலையும் முட்டையும் சதை கொடுக்கும். ஆடிவிட்டு வந்து உப்புப் போட்ட மோர் குடித்தால் கால் இழுக்காது. பசிக்கிற வரை பொறுத்து, பசித்ததும் தின்று, வேர்த்த அளவுக்குக் குடித்து, ராத்திரி நன்றாகத் தூங்கினால் உடம்பு தானாக ஏறும். வருசம் ஒன்று ஆகட்டுமே. என்ன அவசரம்.

நீ தனியாக இருக்கும்போது இதைப் பார்த்துக்கொள். ஒன்றுக்குப் போகும்போது மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நீ பாதி வழி போய்விட்டாய். எழுந்து நிற்கும்போது சுவர் சாய்ந்தால் முக்கால் வழி. வெயிலில் ஓடியும் வேர்வை வராமல், தாகமும் எடுக்காமல், உடம்பு இறகு மாதிரி இருந்து, காரணமில்லாமல் சந்தோசம் வந்தால், அதற்கு மேல் உனக்கே நீ சொந்தமில்லை. அந்த நேரம் பக்கத்தில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிக் குடி. எதிராளியாக இருந்தாலும் குடி. எந்தச் சாதிக்காரன், எந்த ஊர்க்காரன் என்று கேட்காதே.

கமலைச் சத்தம் நின்றுவிட்டது. உன் அய்யா மாட்டை அவிழ்க்கிறார், இன்னும் செத்த நேரத்தில் வந்துவிடுவார். அதனால் மிச்சத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இந்தக் காகிதத்தை நாளைக் காலையில் காய் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். கூடவே ஒரு தூக்குச்சட்டியில் மோர் வரும். உப்பும் சீரகமும் போட்டிருக்கிறேன். அவர் மில் வாசலில் உனக்காக நிற்பார். அவர் கண் முன்னால் அதைக் குடி. ஒரே மடக்கில் குடிக்காதே, வயிறு திருப்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. சாயங்காலம் அவர் வெறும் சட்டியோடு திரும்பி வந்து, "குடிச்சுட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன். இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

சட்டி அப்படியே திரும்பி வந்தால், நாளைக்கே உன் அய்யாவை உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை நான் சொல்லப் போகிறேன். தட்டிவிட்டது யார் கை, அந்த நேரம் முத்து எதை அள்ளி உதட்டில் வைத்தான் என்பதையும் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு அவரைப் பஸ் ஏற்றி உன்னிடம் அனுப்புவேன். தராசுக்குப் பக்கத்தில் அவர் வந்து நிற்பார். அவரைப் பார்த்தால் நீ கட்டாயம் குடிப்பாய். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் நம் வீட்டில் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியாது. கிணற்றுக்குப் போன மனிதர் திரும்பி வருகிறாரா என்று நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு பிள்ளையை நான் கொடுத்தாயிற்று. இன்னொன்றைக் கொடுப்பதற்கு முன் என் தாலியைக் கொடுத்துவிடுவேன்.

உன் அய்யா ஒன்றும் தெரியாமல், கடைசி வரைக்கும் அந்த வெள்ளையனைத் திட்டிக்கொண்டே சாகட்டும் என்று நீ நினைத்தால், சட்டியைக் காலி பண்ணி அனுப்பு.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
ஆத்தா